கரண்ட் போகும், டேட்டா தீரும்: டர்பன் வீட்டுக் கணினிக்கு லினக்ஸ் டிஸ்ட்ரோ தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்போ எட்டாம் தலைமுறை இன்டெல் ப்ராசசரோ இல்லாத கணினிகள் இங்கே நிறைய இருக்கின்றன. சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்யும் லேப்டாப், வார இறுதித் தமிழ் வகுப்பில் இருக்கும் டெஸ்க்டாப், காவடித் திருவிழா நேரத்தில் ரசீது அச்சடிக்கும் கோயில் அலுவலக மெஷின் என்று எல்லாமே நன்றாக ஓடுகிறவை. அவற்றைத் தூக்கிப் போட எந்தக் காரணமும் இல்லை. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும்.

அடுத்த கேள்வி, எந்த லினக்ஸ்? லினக்ஸ் பல வகைத் தொகுப்புகளாகக் கிடைக்கிறது, ஒவ்வொன்றும் ஒரு 'டிஸ்ட்ரோ'. இணையத்தில் கிடைக்கும் ஒப்பீடுகள் பெரும்பாலும் திரை அழகாக இருக்கிறதா, எந்த மென்பொருளின் புதிய பதிப்பு முதலில் வருகிறது என்பதைப் பார்க்கின்றன. கரண்ட் போகாத, டேட்டாவுக்குக் கணக்குப் பார்க்காத ஊருக்கு அது சரி. நம் ஊரில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இந்த டிஸ்ட்ரோ எவ்வளவு அடிக்கடி மாறுகிறது? மென்பொருள் எங்கிருந்து, என்ன வடிவத்தில் வருகிறது? அப்டேட் நடுவில் நின்றுபோனால் மறுபடி எழுந்து நிற்குமா? இந்த வரிசையிலேயே போவோம்.

படி 1: நிலைத்தன்மை என்றால் எதைக் கேட்கிறீர்கள்?

லினக்ஸ் உலகில் 'ஸ்டேபிள்' என்பது முதலில் மாறாமையைக் குறிக்கும். கணினி உறையாமல் ஓடுவது அதன் விளைவுதான். டெபியன் இதற்கு நல்ல உதாரணம். 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய திட்டம் இது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, சேர்த்து வைத்த மென்பொருள்களையெல்லாம் ஒரு கட்டத்தில் 'ஃப்ரீஸ்' செய்து, மாதக்கணக்கில் பிழை திருத்தி, பிறகே வெளியிடுகிறார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இல் கெர்னல் (அமைப்பின் மையப் பகுதி) 6.1, லிப்ரேஆபிஸ் (அலுவலக மென்பொருள்) 7.4. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் கெர்னல் 6.12, லிப்ரேஆபிஸ் 25.2. ஒரு வெளியீட்டின் ஆயுள் முழுக்க இந்த எண்கள் அநேகமாக மாறாது.

"அப்படியென்றால் பாதுகாப்பு ஓட்டைகள் அப்படியே இருக்குமா?" என்று பலர் பயப்படுகிறார்கள். இருக்காது. புதிய பதிப்பில் செய்த திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பில் பொருத்தித் தருவார்கள். பதிப்பு எண் பழையதாகவே தெரியும், ஓட்டை மூடியிருக்கும். பிரவுசருக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு: பயர்பாக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பையும் குரோமியத்தையும் டெபியன் அவ்வப்போது புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது.

மாறாமையின் பயன் என்ன என்பதை 2024 மார்ச் மாதம் காட்டியது. எக்ஸ்இசட் என்ற சிறிய சுருக்க நூலகத்தின் (பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல் தொகுப்பு) 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டு ஒரு பின்வாசல் வைத்திருந்தார்கள். மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் அதை வெளிப்படுத்தினார். அதற்குள் டெபியனின் சோதனைக் கிளைகள், ஃபெடோராவின் சோதனைப் பதிப்புகள், ஓப்பன்சூசே டம்பிள்வீட், ஆர்ச் ஆகியவற்றுக்கு அந்தப் பதிப்பு போய்ச் சேர்ந்துவிட்டது. டெபியன் ஸ்டேபிளுக்குப் போகவில்லை. அப்போது புழக்கத்தில் இருந்த உபுண்டு எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்புகளுக்கும் போகவில்லை. பழைய பதிப்பில் நிற்பதைச் சோம்பல் என்று பேசுபவர்களுக்கு இந்த ஒரு சம்பவத்தைச் சொன்னால் போதும் என்பது என் கருத்து.

படி 2: மாறும் வேகத்தைப் பாருங்கள்

உபுண்டு எல்டிஎஸ் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும், ஐந்து ஆண்டு ஆதரவு உண்டு. உபுண்டு ப்ரோ கணக்கு ஒன்றைத் திறந்தால் அது பத்து ஆண்டாகும். சொந்த உபயோகத்துக்கு ஐந்து கணினிகள் வரை இலவசம். இடையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் உபுண்டு பதிப்புகளுக்கு ஒன்பது மாத ஆதரவுதான். பள்ளிக்கோ கோயிலுக்கோ அவற்றைப் போடாதீர்கள். லினக்ஸ் மின்ட் உபுண்டு எல்டிஎஸ்-ஐ அடித்தளமாக வைத்துக் கட்டப்பட்டது. 2024 ஜூலையில் வந்த மின்ட் 22-க்கு 2029 வரை ஆதரவு.

ஃபெடோரா ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும். ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 13 மாத ஆயுள். நேர்த்தியான டிஸ்ட்ரோதான், ஆனால் ஆண்டுக்கு ஒருமுறையாவது முழு அமைப்பையும் மேம்படுத்தியாக வேண்டும். ஆர்ச், டம்பிள்வீட் இரண்டும் 'ரோலிங்' வகை. வெளியீடு என்ற ஒன்றே இல்லை, மாற்றம் தினமும் வந்துகொண்டிருக்கும். டம்பிள்வீட்டில் ஒவ்வொரு தொகுப்பையும் ஓப்பன்க்யூஏ என்ற தானியங்கிச் சோதனையில் ஓட்டிய பிறகே விடுகிறார்கள். அதனால் ரோலிங் வகையில் எனக்கு அதிக நம்பிக்கை அதன் மேல்தான். ஆனால் கம்பைலரோ (நிரலை இயங்கும் வடிவாக மாற்றும் கருவி) அடிப்படை சி நூலகமோ மாறும்போது ஆயிரக்கணக்கான பேக்கேஜ்களை (மென்பொருள் பொதிகளை) திரும்பக் கட்டுவார்கள். அந்த வாரம் உங்கள் டேட்டா பண்டில் தாங்காது.

படி 3: மென்பொருள் எந்த வழியாக வருகிறது?

டிஸ்ட்ரோவைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். நிலையான டிஸ்ட்ரோ என்று பார்த்துப் பார்த்துப் போட்ட கணினி கெட்டுப்போகும் இடமும் பெரும்பாலும் இதுதான்.

முதல் வழி, டிஸ்ட்ரோவின் சொந்தக் களஞ்சியம், அதாவது டிஸ்ட்ரோவே மென்பொருள்களைச் சேர்த்து வைத்திருக்கும் இணையக் கிடங்கு. டெபியன், உபுண்டு, மின்ட் குடும்பத்தில் டெப் வடிவம், அதை இயக்குவது ஏபிடி. ஃபெடோரா, ஓப்பன்சூசேயில் ஆர்பிஎம் வடிவம், அவற்றுக்கு முறையே டிஎன்எஃப், சிப்பர். வடிவம் எது என்பதில் உங்களுக்குப் பெரிய வேறுபாடு தெரியாது. கவனிக்க வேண்டியது, இந்த முறையில் நூலகங்கள் பொதுவானவை. நூறு மென்பொருள்கள் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற ஒரே குறியாக்க நூலகத்தைப் பகிர்ந்துகொள்ளும். அதில் ஓர் ஓட்டை மூடினால் நூறும் பயனடையும், பதிவிறக்கமும் சிறியது. இந்தப் பகிர்வுதான் பலவீனமும். கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் சமையலை மாற்றினால் எல்லோர் சாப்பாடும் மாறுவதுபோல, ஒரு நூலகத்தை மாற்றினால் அதை நம்பியிருக்கும் அத்தனையும் அசையும்.

அதனால்தான் வெளிக் களஞ்சியங்கள் ஆபத்து. உபுண்டுவில் பிபிஏ என்று ஒரு வசதி உண்டு. யார் வேண்டுமானாலும் பேக்கேஜ் கட்டிப் பகிரலாம். ஒரு வீடியோ எடிட்டரின் புதிய பதிப்புக்காகப் பிபிஏ சேர்ப்பீர்கள். அது தன்னோடு புதிய நூலகங்களையும் கொண்டு வரும். அன்றைக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு ஆண்டு கழித்து அடுத்த எல்டிஎஸ்-க்கு மாறும்போது சார்புகள் (ஒன்றுக்கொன்று தேவைப்படும் பேக்கேஜ்கள்) முட்டிக்கொள்ளும், மேம்படுத்தல் பாதியில் நிற்கும். அதற்குள் அந்தப் பிபிஏ-வை நடத்தியவர் விட்டுவிட்டுப் போயிருப்பார். டெபியனில் இப்படிக் கலந்துகட்டிய அமைப்புக்கு 'ஃபிராங்கன்டெபியன்' என்றே பெயர். டெபியன் ஸ்டேபிளோடு உபுண்டு களஞ்சியத்தையோ சோதனைக் கிளையையோ கலக்காதீர்கள். புதியது வேண்டுமென்றால் டெபியனே நடத்தும் 'பேக்போர்ட்ஸ்' களஞ்சியம் இருக்கிறது, அதை மட்டும் திறங்கள்.

இரண்டாவது வழி, ஃப்ளாட்பேக். மென்பொருள் தனக்கு வேண்டிய நூலகங்களை 'ரன்டைம்' என்ற தனித் தொகுப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும், அடித்தளத்தைத் தொடாது. டெபியன் 12 மேலேயே லிப்ரேஆபிஸின் நேற்று வெளிவந்த பதிப்பை ஓட்டலாம். பிடிக்கவில்லையா, நீக்கிவிடலாம். நிலையான அடித்தளமும் புதிய செயலியும் ஒரே கணினியில் கிடைப்பது இதனால்தான். விலை என்னவென்றால் டேட்டா. முதல் செயலியைப் போடும்போது ரன்டைமும் சேர்ந்து சில நூறு எம்பி இறங்கும். அடுத்த செயலி அதே ரன்டைமைப் பயன்படுத்தினால் செலவு குறையும், வேறு ரன்டைம் கேட்டால் மறுபடி சில நூறு எம்பி. ஆகவே மூன்று நான்கு செயலிகளுக்கு மேல் ஃப்ளாட்பேக்கில் போடாதீர்கள்.

ஃப்ளாட்பேக் செயலிகள் பெரும்பாலும் ஃப்ளாட்ஹப் தளத்திலிருந்து வருகின்றன. அங்கே எல்லாவற்றையும் மூல நிறுவனமே பேக்கேஜ் செய்வதில்லை. சரிபார்க்கப்பட்ட அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். மின்ட் 22-இன் மென்பொருள் மேலாளர் சரிபார்க்கப்படாத ஃப்ளாட்பேக்குகளை முதலிலேயே மறைத்து வைக்கிறது. நல்ல முடிவு.

மூன்றாவது, ஸ்னாப். உபுண்டுவை நடத்தும் கனோனிக்கல் உருவாக்கியது. நோக்கம் ஏறக்குறைய ஃப்ளாட்பேக்கின் நோக்கம்தான், ஆனால் கடை ஒன்றே ஒன்று, அதுவும் கனோனிக்கல் கையில். உபுண்டு 22.04 முதல் ஏபிடி வழியாகப் பயர்பாக்ஸ் கேட்டாலும் ஸ்னாப்தான் வரும். நமக்குப் பெரிய சிக்கல் இன்னொன்று: ஸ்னாப் ஒரு நாளைக்கு நான்கு முறை புதிய பதிப்பு இருக்கிறதா என்று தானே பார்த்து, தானே இறக்கும். போன் ஹாட்ஸ்பாட்டில் இருக்கும் வீட்டுக்கு இது ஒத்துவராது. அளந்து விற்கும் இணைப்பில் புதுப்பிக்காதே என்று ஸ்னாப் அமைப்பில் சொல்லிவைக்கலாம். அதற்கு முதலில் நெட்வொர்க் அமைப்பில் அந்த ஹாட்ஸ்பாட்டை 'மீட்டர்ட்' என்று குறிக்க வேண்டும். புதுப்பிப்பை முழுவதும் நிறுத்திவைக்கவும் முடியும், ஆனால் அதை மறந்தால் பிரவுசர் பழையதாகவே கிடக்கும். மின்ட் 2020 முதல் ஸ்னாப்பைத் தடுத்துவைத்து, பயர்பாக்ஸை டெப் வடிவிலேயே தருகிறது. டேட்டா அளந்து வாங்கும் வீட்டுக்கு உபுண்டுவை விட மின்ட்டை நான் முன்னால் வைக்க இது முக்கியக் காரணம்.

ஆப்இமேஜ் பற்றிச் சுருக்கமாக. ஒரே கோப்பு, பென்டிரைவில் கொண்டுபோகலாம், நிறுவவே வேண்டாம். ஆனால் பெரும்பாலானவை தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. பழைய ஃபியூஸ் நூலகம் கேட்கும் ஆப்இமேஜ்கள் உபுண்டு 22.04-இலும் அதற்குப் பிறகு வந்த பதிப்புகளிலும் அதைத் தனியாகப் போட்டால்தான் திறக்கும்.

ஆர்ச்சின் ஏயூஆர் வேறு ரகம். பயனர்கள் எழுதிப் போடும் கட்டுமானக் குறிப்புகள் அவை. படித்துப் பார்த்துப் போடத் தெரிந்தவருக்குப் பொக்கிஷம். 2025 ஜூலையில் பயர்பாக்ஸ் திருத்தம் என்ற பெயரில் தொலைவிலிருந்து கணினியைக் கட்டுப்படுத்தும் நச்சுநிரலோடு சில பேக்கேஜ்கள் அங்கே ஏறின, கண்டுபிடித்து நீக்கினார்கள். படிக்காமல் போடுபவர் அந்தப் பக்கம் போகவே கூடாது.

ஆக, என் வரிசை இதுதான்: முதலில் சொந்தக் களஞ்சியம், அங்கே இல்லையென்றால் அல்லது மிகப் பழையதென்றால் சரிபார்க்கப்பட்ட ஃப்ளாட்பேக், அதுவும் இல்லையென்றால் மூலத் தளத்தின் ஆப்இமேஜ். பிபிஏ வேண்டாம்.

படி 4: அப்டேட் நடுவில் கரண்ட் போனால்

2023-இல் இருந்த அளவுக்கு இப்போது லோட் ஷெடிங் இல்லை. ஆனாலும் கேபிள் திருட்டு, சப்ஸ்டேஷன் கோளாறு என்று கரண்ட் போவது நின்றுவிடவில்லை. லோட் ஷெடிங் காலத்திலாவது அட்டவணை இருந்தது. இப்போது சொல்லாமல் போகிறது. எனவே இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

அப்டேட்டில் இரண்டு கட்டம் உண்டு. பதிவிறக்கம் நடக்கும்போது கரண்ட் போனால் ஒன்றும் ஆகாது, மறுபடி தொடரும். பேக்கேஜைப் பிரித்து அமைக்கும்போது போனால்தான் சிக்கல். டெபியன் குடும்பத்தில் டிபிகேஜி என்ற நிறுவல் கருவி எந்தப் பேக்கேஜ் எந்த நிலையில் நின்றது என்று குறித்து வைத்திருக்கும். கணினி திறந்தால், பாதியில் நின்றவற்றை அமைத்து முடிக்கும்படி டிபிகேஜிக்கு ஒரு கட்டளை கொடுத்து, உடைந்த சார்புகளைச் சரிசெய்ய ஏபிடிக்கு இன்னொன்று கொடுத்தால் பெரும்பாலும் எழுந்துவிடும். திரையே வரவில்லையென்றால் தொடக்க மெனுவில் 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்' போய் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். உபுண்டுவிலும் மின்ட்டிலும் அங்கேயே ரெகவரி மோட் உள்ளே 'டிபிகேஜி' என்று ஒரு வரி இருக்கும். உடைந்த பேக்கேஜ்களைச் சரிசெய்வது அதன் வேலை. பழைய கெர்னலை உடனே நீக்காமல் வைத்திருப்பது இந்தக் குடும்பத்தின் பெரிய பலம்.

ஃபெடோராவில் ஆர்பிஎம் நடுவில் நின்றால் ஒரே பேக்கேஜின் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் இரண்டுமே பதிவாகி நிற்பதுண்டு. டிஎன்எஃப்-இல் இரட்டைகளை நீக்கும் வழி இருக்கிறது, ஆனால் புதியவருக்குப் பதற்றம் தரும் வேலை. ஆர்ச்சில் கெர்னல் மாறும் நேரத்தில் கரண்ட் போனால் கணினி திறக்காமலே போகலாம். பழைய கெர்னலை அது தானாக வைத்திருப்பதில்லை, லைவ் யூஎஸ்பியிலிருந்து (நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் பென்டிரைவ்) உள்ளே நுழைந்துதான் மீட்க வேண்டும். டம்பிள்வீட் இதற்கு அழகான தீர்வு வைத்திருக்கிறது. பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறையில் ஒவ்வொரு அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் ஸ்னாப்பர் என்ற கருவி ஒரு நகலை எடுத்துக்கொள்ளும். உடைந்தால் தொடக்க மெனுவிலிருந்தே முந்தைய நகலுக்குப் போகலாம்.

கரண்ட் பிரச்சினைக்கு வேரிலேயே தீர்வு வேண்டுமென்றால் 'அணு' வகை டிஸ்ட்ரோக்களைப் பாருங்கள்: ஃபெடோரா சில்வர்ப்ளூ, கினோயிட், எண்ட்லெஸ் ஓஎஸ். இவை ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பைத் தொடுவதே இல்லை. புதிய அமைப்பை ஓரமாகத் தயாரித்து வைத்து, அடுத்த முறை திறக்கும்போது அதற்கு மாறும். தயாரிக்கும்போது கரண்ட் போனால் பழையது அப்படியே திறக்கும். செயலிகள் எல்லாம் ஃப்ளாட்பேக். எண்ட்லெஸ் ஓஎஸ் இணையம் குறைந்த இடங்களுக்காகவே செய்யப்பட்டது. அதன் பெரிய பதிப்பில் கல்வி உள்ளடக்கமும் செயலிகளும் முன்பே நிரம்பியிருக்கும், இணையமே இல்லாமல் பயன்படுத்தலாம். ஆனால் பழைய பிரிண்டருக்கு டெப் வடிவில் ஒரு டிரைவர் போட வேண்டுமென்றால் எண்ட்லெஸில் வழியில்லை. கோயில் அலுவலகத்தில் எண்ட்லெஸ் போடும் முன் இந்தக் குறையை யோசியுங்கள்.

எந்த டிஸ்ட்ரோவாக இருந்தாலும் ஒரு பழக்கம் போதும்: லேப்டாப்பில் பேட்டரி பாதிக்கு மேல் இருந்தால் மட்டும் அப்டேட், டெஸ்க்டாப்புக்கு ஒரு சின்ன யூபிஎஸ். அது வாங்க முடியாவிட்டால் பதிவிறக்கத்தை மட்டும் முதலில் முடித்துவிட்டு, காற்று மழை இல்லாத பகல் நேரத்தில் நிறுவுங்கள்.

படி 5: டேட்டாவைக் குறைக்கும் ஏற்பாடு

சிறிய பண்டில் வாங்குகிறவர்கள்தான் ஒரு எம்பிக்கு அதிக விலை கொடுக்கிறார்கள் என்று தென்னாப்பிரிக்கப் போட்டி ஆணையம் 2019 டிசம்பர் அறிக்கையில் சொன்னது. இந்த நாட்டில் லினக்ஸ் பரவிய விதத்திலேயே இது தெரியும். வெல்கம் நகரில் பிறந்த மார்க் ஷட்டில்வொர்த் 2004-இல் உபுண்டுவைத் தொடங்கினார். கேட்டவர்களுக்கெல்லாம் உபுண்டு சிடியைத் தபாலில் இலவசமாக அனுப்பும் திட்டம் 2011 வரை நடந்தது. அவருடைய அறக்கட்டளை 'ஃப்ரீடம் டோஸ்டர்' என்ற பெட்டிகளை நாட்டின் பல இடங்களில் வைத்தது. வெற்று சிடியோடு போய் வேண்டிய டிஸ்ட்ரோவை எரித்துக்கொண்டு வரலாம். எல்லோராலும் அவ்வளவு பெரிய கோப்பை வீட்டில் இறக்க முடியாது என்பதைப் புரிந்துகொண்ட ஏற்பாடு அது. இன்றைக்கும் அந்த மனப்பாங்கு நமக்குத் தேவை.

மின்ட்டில் 'சாப்ட்வேர் சோர்சஸ்' திறந்து உள்நாட்டு மிரரை (களஞ்சியத்தின் நகல் வைத்திருக்கும் சர்வர்) தேர்ந்தெடுங்கள். பல்கலைக்கழக வலையமைப்பான டெனெட் இங்கே ஒரு மிரர் நடத்துகிறது. வேகம் கூடும், பாதியில் அறுந்துபோவது குறையும்.

தமிழ் வகுப்பு மாதிரி பல கணினிகள் ஒரே இடத்தில் இருந்தால், ஒன்றில் 'ஏபிடி கேஷர் என்ஜி' என்ற சேவையைப் போடுங்கள். முதல் கணினி இறக்கிய டெப் கோப்பை அது சேமித்து மற்றவற்றுக்குக் கொடுக்கும். பத்து கணினிக்கும் ஒரு கணினியின் டேட்டாதான் செலவாகும். இதற்கு எல்லாவற்றிலும் ஒரே டிஸ்ட்ரோ, ஒரே பதிப்பு இருக்க வேண்டும். ஃப்ளாட்பேக்கிலும் செயலியை யூஎஸ்பியில் நகலெடுத்து மற்றொரு கணினியில் நிறுவும் கட்டளை உண்டு.

படி 6: தமிழ் தட்டச்சைச் சோதியுங்கள்

இதை நிறுவுவதற்கு முன்பே, லைவ் யூஎஸ்பியில் செய்யுங்கள். வைஃபை, பிரிண்டர், ஒலி எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்க்கும் அதே நேரத்தில்.

விசைப்பலகைப் பட்டியலில் நேரடியாகத் தெரியும் தமிழ் அமைப்புகளில் திருப்தி அடைந்துவிடாதீர்கள். அவை ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்ற முறையில் இயங்குபவை. தமிழ்99 விசைப்பலகையின் விதிகள் முழுமையாக வேலை செய்ய ஐபஸ் அல்லது எஃப்சிஐடிஎக்ஸ் உள்ளீட்டுக் கருவியோடு எம்17என் தொகுப்பு வேண்டும். அதில் தமிழ்99-உம் ஒலிபெயர்ப்பு முறையும் உண்டு. தமிழைப் பேசி மட்டும் பழகி, ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யும் பிள்ளைகளுக்கு ஒலிபெயர்ப்பு முறை எளிது. நோட்டோ அல்லது லோகித் தமிழ் எழுத்துரு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பேக்கேஜ் வடிவம் இங்கேயும் வந்து நிற்கும். டெப் வடிவச் செயலியில் தமிழ் நன்றாக வரும். ஆப்இமேஜ் தன் சொந்த நூலகங்களைச் சுமந்து வருவதால், அதில் உள்ளீட்டுக் கருவிக்கான பகுதி சேர்க்கப்படவில்லையென்றால் தமிழ் தட்டச்சு வராது, ஆங்கிலம்தான் விழும். குழந்தைகள் தமிழில் எழுத வேண்டிய செயலியை எந்த வடிவில் போட்டாலும், 'கொழும்பு', 'ஸ்ரீ', 'இராமகிருஷ்ணன்' என்று மூன்று சொற்களை அடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

படி 7: எதைப் போடுவது?

வீட்டு லேப்டாப்பா, முதல் லினக்ஸா? லினக்ஸ் மின்ட், சின்னமன் பதிப்பு. ரேம் 4 ஜிபியோ அதற்கும் குறைவோ என்றால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. தமிழ் வகுப்புக் கணினிகளுக்கும் இதையே சொல்வேன், ஏனென்றால் கேஷர் ஏற்பாடு இதில் சுலபம், ஒரு கணினியில் கற்றுக்கொண்டது எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

கோயில் அலுவலகம் மாதிரி ஒரே வேலையை ஆண்டுக்கணக்கில் செய்யும் மெஷினுக்கு டெபியன் ஸ்டேபிள். 12-ஆம் பதிப்பு முதல் வைஃபைக்குத் தேவையான கட்டற்றதல்லாத ஃபர்ம்வேரும் (மூலநிரல் திறக்கப்படாத வன்பொருள் நிரல்) இன்ஸ்டாலரிலேயே இருக்கிறது, முன்பிருந்த தொல்லை போய்விட்டது. 32-பிட் ப்ராசசர் உள்ள மிகப் பழைய மெஷினுக்கு மட்டும் டெபியன் 13 உதவாது. அதற்கான இன்ஸ்டாலரைக் கைவிட்டுவிட்டார்கள்.

கரண்ட் அடிக்கடி போகும் வீட்டில், யாரும் பராமரிக்க ஆள் இல்லாமல் தாத்தா பாட்டி மட்டும் பயன்படுத்தும் கணினிக்கு எண்ட்லெஸ் அல்லது சில்வர்ப்ளூ. நிரல் எழுதக் கற்கும் கல்லூரி மாணவருக்கு, நல்ல இணைப்பு இருந்தால், ஃபெடோராவோ டம்பிள்வீட்டோ தாராளமாகப் போடலாம்.

படி 8: நிறுவியவுடன் செய்ய வேண்டியவை

மின்ட்டில் அமைப்பை நகலெடுத்து வைக்கும் டைம்ஷிஃப்ட் கருவி இருக்கிறது, முதல் நாளே அதை அமையுங்கள். ஆர்சிங்க் முறையில் முதல் நகல் அமைப்பு முழுவதற்கும் இடம் கேட்கும், அதன்பின் மாறியவை மட்டும். நகலைத் தனிப் பார்டிஷனிலோ வெளி டிஸ்க்கிலோ வையுங்கள். டைம்ஷிஃப்ட் உங்கள் புகைப்படங்களையும் ஆவணங்களையும் காப்பதில்லை, அது அமைப்புக்கு மட்டும். சொந்தக் கோப்புகளுக்கு மின்ட்டிலேயே உள்ள பேக்கப் கருவியைத் தனியாக ஓட்டுங்கள்.

அப்டேட் மேலாளர் புதியது இருக்கிறது என்று சொன்னவுடனே கை வைக்க வேண்டாம். பாதுகாப்புத் திருத்தங்களைத் தள்ளிப்போடாமல் போடுங்கள். மற்றவற்றுக்கு வாரத்தில் ஒரு நாளை ஒதுக்குங்கள். பெரிய அப்டேட்டுக்கு முன் ஒரு நகல்.

அடுத்த பெரிய பதிப்பு வரும்போது அவசரப்படாதீர்கள். உபுண்டுவே எல்டிஎஸ் பயனர்களுக்கு அடுத்த எல்டிஎஸ்-ஐ, முதல் திருத்த வெளியீடு வந்த பிறகுதான் காட்டுகிறது. அதாவது ஏப்ரலில் வந்தது ஆகஸ்ட் வாக்கில்தான் உங்கள் திரையில் தெரியும். அந்த நேரம் வந்ததும் முதலில் நீங்கள் சேர்த்த வெளிக் களஞ்சியங்களை முடக்குங்கள், சொந்தக் கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள், டைம்ஷிஃப்ட் ஓட்டுங்கள், அப்புறம் மேம்படுத்தல் கருவியைத் திறங்கள். பல கணினிகள் இருந்தால் ஒன்றில் மட்டும் முதலில் செய்து, இரண்டு வாரம் எல்லோரும் பயன்படுத்திப் பார்த்த பிறகு மற்றவற்றுக்குப் போங்கள்.